குழந்தையின் முழங்கையில் கவனிக்காமல் விட்ட மாண்டேஜியா முறிவு: பழசான பின் அறுவை சிகிச்சைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கீழே விழுந்த குழந்தைக்கு முன்கையில் மாவுக்கட்டு போட்டார்கள், பிரித்தார்கள், எலும்பு கூடிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் முழங்கை மடிப்புக்கு முன்னால் கெட்டியாக ஏதோ புடைத்துக்கொண்டு நிற்கிறது, கையை மடக்கித் தோளைத் தொடச் சொன்னால் பிள்ளையால் முடியவில்லை, ஆனால் வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இந்த நிலையில் இருக்கும் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். குழந்தைகளின் முழங்கையில் பழசாகிப் போகும் முறிவும் விலகலும் பல வகை. அதில் அதிகம் கண்ணுக்குத் தப்புவதும், காலத்தோடு செய்தால் நன்றாகத் திருத்த முடிவதுமான மாண்டேஜியா முறிவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆபரேஷனில் பெரிய வேலை, வெளியே வந்து நிற்கும் எலும்பில் இல்லை. அதற்குப் பக்கத்தில், "கூடிடுச்சு" என்று எல்லோரும் மறந்துவிட்ட எலும்பை வெட்டி அதன் நீளத்தையும் வளைவையும் திருத்துவதில்தான் இருக்கிறது. இது மனதில் பதிந்துவிட்டால் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ரேடியஸ். ரேடியஸின் மேல்முனையை ரேடியஸ் தலை என்பார்கள்; அது நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். மேற்கை எலும்பின் அடியில் இருக்கும் கேப்பிடெல்லம் என்ற உருண்டைப் பரப்பில் அது பொருந்தி உட்கார்ந்து சுழல்கிறது. நழுவாதபடி ஒரு லிகமென்ட் (எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார்ப்பட்டை) வளையமாகச் சுற்றிப் பிடித்திருக்கிறது. இரண்டு எலும்புகளும் மேலேயும் கீழேயும் ஒன்றோடொன்று கட்டுண்டவை, ஏணியின் இரண்டு கால்களைப் போல. ஒரு கால் முறிந்து வளைந்து குட்டையாகிவிட்டால் மற்றது எங்காவது பிதுங்கித்தான் ஆக வேண்டும். அல்னா முறிந்து, அதனால் ரேடியஸ் தலை மூட்டை விட்டு விலகினால் அது மாண்டேஜியா.

மிலான் நகரத்து அறுவை மருத்துவர் ஜியோவான்னி பட்டிஸ்டா மாண்டேஜியா 1814-இல் இதை எழுதினார், எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு 81 வருடம் முன்பு. அவர் சொன்ன நோயாளிகளில் ஒருத்தி இளம்பெண். அல்னா முறிவு என்று நினைத்துக் கட்டுப் போட்டிருக்கிறார். ஒரு மாதம் கழித்துத்தான் ரேடியஸ் தலை வெளியே நிற்பது தெரிந்திருக்கிறது. ஆக, இந்த நோயைப் பற்றிய முதல் பதிவே தவறவிட்ட ஒரு முழங்கையின் பதிவுதான்.

எக்ஸ்ரே வந்த பிறகும் ஏன் தப்புகிறது? குழந்தையின் எலும்பு பச்சைக் குச்சி மாதிரி, முறியாமல் வளைந்துகொடுக்கும். அல்னா வளைந்து மட்டும் இருந்தால் படத்தில் கோடு விழுந்த முறிவு எதுவும் தெரியாது, "ஒன்றுமில்லை, சுளுக்கு" என்று ஆகிவிடும். அல்லது முறிவு தெரிந்த இடத்தை மட்டும் படம் எடுத்திருப்பார்கள், முழங்கை படத்துக்குள்ளேயே வந்திருக்காது. சில குழந்தைகளுக்கு முதல் நாள் எல்லாம் சரியாகப் பொருந்தியிருக்கும். வீக்கம் வடிந்து மாவுக்கட்டு தளர்ந்ததும் அல்னா உள்ளேயே வளைந்து, ரேடியஸ் தலையும் நழுவிவிடும். அதனால்தான் முதல் மூன்று வாரமும் வாரம் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயே எடுக்காமல் நாட்டுக்கட்டுக்குப் போய்விட்ட குழந்தைகளும் நம் ஊரில் குறைவில்லை.

ரேடியஸ் தலை விலகும் திசையை வைத்து உருகுவே நாட்டு மருத்துவர் ஹோசே லூயிஸ் பாடோ இதை நான்கு வகையாகப் பிரித்தார். முன்னால் விலகுவது முதல் வகை, குழந்தைகளிடம் இதுதான் அதிகம். பின்னால் விலகுவது இரண்டாவது, பக்கவாட்டில் மூன்றாவது, ரேடியஸும் சேர்ந்து முறிந்தால் நான்காவது. ரிப்போர்ட்டில் "பாடோ 1" என்று இருந்தால் அர்த்தம் இதுதான்.

வீட்டில் நீங்களே பார்க்கக் கூடியவை

இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். விரல்நுனி தோளைத் தொடுகிறதா? ரேடியஸ் தலை முன்னால் நின்றால் அது இடித்துக்கொண்டு கை முழுசாக மடங்காது. அடுத்து, முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கும்படி வைத்து, கைகளை முன்னால் நீட்டி, கோயிலில் விபூதி வாங்குவதுபோல உள்ளங்கைகளை ஏந்தச் சொல்லுங்கள், அப்புறம் கவிழ்க்கச் சொல்லுங்கள். முழங்கை விலாவை விட்டுக் கிளம்பினால் பிள்ளை தோளை வைத்துச் சமாளிக்கிறது என்று அர்த்தம். குழந்தைகள் இதில் கெட்டிக்காரர்கள். வருடக்கணக்கில் சமாளித்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டு, எழுதி, விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட முடிகிறதா, விரல்களை அடிக்கணுவிலிருந்து நிமிர்த்த முடிகிறதா என்றும் பாருங்கள். விரல்களை நிமிர்த்தும் நரம்பு ரேடியஸின் கழுத்தை, அதாவது தலைக்குக் கீழே ஒடுங்கும் பகுதியை, சுற்றித்தான் போகிறது, விலகிய எலும்பு அதை இழுக்கலாம். இதைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; ஆபரேஷனுக்கு முன்பே இருந்த பலவீனமா, பின்னால் வந்ததா என்ற கேள்வி எழும்போது இந்தக் குறிப்பு உதவும்.

ஒரு வேண்டுகோள்: எண்ணெய் போட்டு உருவுவது, கையை இழுத்து மடக்குவது, "தட்டி உட்கார வைப்பது" எதுவும் வேண்டாம். நான்கு வாரம் தாண்டிவிட்டால் மூட்டுக்குள் நார்த்திசு நிரம்பிவிடும், வெளியிலிருந்து எவ்வளவு இழுத்தாலும் எலும்பு உள்ளே போகாது. பலவந்தமாக உருவினால் சதைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிப்போகிற ஆபத்தும் இருக்கிறது.

எக்ஸ்ரேயில் ஒரே ஒரு கோடு

முழு முன்கையும், முழங்கையும் மணிக்கட்டும் சேர்ந்து தெரியும்படி நேராக ஒரு படம், சரியான பக்கவாட்டில் ஒரு படம், அதேபோல நல்ல கைக்கும். நல்ல கைக்கு எதற்கு என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், அளவு எடுக்க அதுதான் ஆதாரம்.

பக்கவாட்டுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரேடியஸின் கழுத்து, தலை இரண்டின் நடு வழியாகவும் போகும்படி நீளவாக்கில் ஒரு ஸ்கேலை வையுங்கள். அந்தக் கோட்டை மேலே நீட்டினால் கேப்பிடெல்லத்தின் நடுவில் போக வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் அது கேப்பிடெல்லத்தைத் தொடாமல் முன்னால் கடந்து போனால் ரேடியஸ் தலை முன்னால் விலகியிருக்கிறது. இன்னொன்று, அல்னாவின் பின்விளிம்பில் ஸ்கேலை வைத்தால் நல்ல எலும்பு ஏறக்குறைய நேராக ஒட்டி நிற்கும். நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் எலும்பு வளைந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். "ரேடியஸ் தலை மட்டும் தனியாக விலகியிருக்கிறது, அல்னாவில் ஒன்றுமில்லை" என்று சொல்லப்படும் பல குழந்தைகளிடம் இந்த வளைவு இருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு எலும்பு முனைகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருப்பதால் கோடு கொஞ்சம் ஏமாற்றலாம், முடிவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் "இந்தக் கோடு சரியாகப் போகிறதா டாக்டர்?" என்று நீங்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

பிறவியிலேயே விலகியதா என்பதையும் இந்தக் கட்டத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிறவி விலகலில் ரேடியஸ் தலை குழிவே இல்லாமல் குவிந்திருக்கும், கேப்பிடெல்லம் சிறுத்திருக்கும், பெரும்பாலும் பின்பக்கம் விலகியிருக்கும், பல குழந்தைகளுக்கு இரண்டு கையிலும் இருக்கும். அதற்கு இந்த ஆபரேஷன் பொருந்தாது. பழைய எக்ஸ்ரே, பழைய சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்பது இதற்காகத்தான்.

ஆபரேஷன் வேண்டுமா, விட்டுவிடலாமா

இங்கேதான் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. வலி இல்லை, பள்ளிக்கூடம் போகிறான், எதற்குக் கத்தி வைக்க வேண்டும் என்று பாட்டி கேட்பார், கேள்வி நியாயமானதுதான். சில குழந்தைகள் பல வருடம் பெரிய தொந்தரவு இல்லாமல் ஓட்டிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் விலகிய ரேடியஸ் தலைக்கு எதிரே கேப்பிடெல்லம் இல்லை, அழுத்தம் இல்லை. அது கட்டுப்பாடின்றிப் பெரிதாகி, குழிவு போய், உருண்டுவிடுகிறது. வயது ஏற ஏற முழங்கை வெளிப்பக்கம் கோணலாகலாம், மடக்குவதும் திருப்புவதும் குறையலாம், பளு தூக்கும்போது வலிக்கலாம், நரம்புகள் இழுபட்டுக் கை பலவீனமாகலாம். குழிவு போன பிறகு அதை உள்ளே வைத்தாலும் பொருந்தாது. ஆகவே இன்று வலி இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ரேடியஸ் தலை இன்னும் குழிந்திருக்கிறதா என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாவிட்டால் எம்ஆர்ஐ எடுத்தால் தெரியும், குருத்தெலும்பின் வடிவம் அதில்தான் நன்றாக விழும்.

காலக்கெடு என்று கல்வெட்டாக எதுவும் இல்லை. ஜப்பானிய மருத்துவர்கள் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 12 வயதுக்குள் அல்லது அடிபட்டு 3 ஆண்டுக்குள் செய்தவர்களுக்கு நீண்ட கால விளைவு நன்றாக இருந்தது. பல மருத்துவர்கள் இதை ஒட்டித்தான் யோசிக்கிறார்கள். என் கருத்து இது: ரேடியஸ் தலையின் வடிவம் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு "இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்று தள்ளிப்போடுவதில் எந்த லாபமும் இல்லை. ரேடியஸ் தலை உருக்குலைந்து, மூட்டு தேய்ந்து, பிள்ளை பெரியவனாகிவிட்டால் ஆபரேஷன் செய்யாமல் கண்காணிப்பதே நல்லது. வலி தாங்காவிட்டால் வளர்ச்சி முழுசாக நின்ற பிறகு ரேடியஸ் தலையை எடுத்துவிடும் ஆபரேஷன் ஒன்று உண்டு. ஆனால் வளரும் குழந்தைக்கு அதை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். முழங்கை கோணலாகும், ரேடியஸ் மேலே நகர்ந்து மணிக்கட்டும் கெடும்.

யாரிடம் போவது, என்ன கேட்பது

இது எல்லா எலும்பு மருத்துவர்களும் அடிக்கடி செய்கிற ஆபரேஷன் அல்ல. குழந்தைகள் எலும்பு சிகிச்சையில் தனிப் பயிற்சி உள்ளவரை, அல்லது பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் பிரிவைத் தேடிப் போங்கள். அல்னாவை எந்த இடத்தில் வெட்டப் போகிறீர்கள், ஒரே தடவையில் திருத்துவீர்களா கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவீர்களா, வளைய லிகமென்ட்டைப் புதிதாகச் செய்வீர்களா, மூட்டுக்குக் குறுக்கே கம்பி போடுவீர்களா, மறுபடி விலகினால் அடுத்து என்ன — இவ்வளவும் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார், ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டுவார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்த மருத்துவமனையில் இந்த சிகிச்சைக்கு அது செல்லுமா என்று காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் அன்று பால், திட உணவு எப்போது நிறுத்துவது என்பதை மயக்க மருத்துவர் சொல்வார். பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம். பிள்ளை அழுகிறதே என்று ரகசியமாக ஒரு பிஸ்கட் கூடக் கொடுத்துவிடாதீர்கள், மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

ஆபரேஷன் அரங்கில்

பொது மயக்கம் கொடுப்பார்கள். மேற்கையில் ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தும் பட்டை கட்டுவார்கள். முழங்கையின் வெளிப்பக்கமாகத் தோலைத் திறந்து மூட்டுக்குள் போவார்கள், நரம்பு இழுபடாதபடி முன்கையைத் திருப்பி வைத்துக்கொண்டு. ரேடியஸ் தலை உட்கார வேண்டிய இடத்தில் இப்போது நார்த்திசுவும், அறுந்தோ மடங்கியோ கிடக்கும் பழைய லிகமென்ட்டும் நிரம்பியிருக்கும். அந்த இடத்தைப் பொறுமையாகச் சுத்தம் செய்ய வேண்டும், குருத்தெலும்பில் கீறல் படாமல். பழைய லிகமென்ட் உருப்படியாக இருந்தால் அதை மீட்டு வைத்துக்கொள்வார்கள்.

இப்போது அல்னா. அதன் மேல்பகுதியில் எலும்பை வெட்டி, ரேடியஸ் முன்னால் விலகியிருந்தால் அல்னாவைப் பின்பக்கம் புடைக்கும்படி வளைத்து, கூடவே கொஞ்சம் நீட்டுகிறார்கள். வெட்டிய இடம் பின்பக்கம் ஆப்பு வடிவத்தில் திறக்கும். இரண்டு எலும்புகளுக்கும் நடுவே இருக்கும் சவ்வு இதனால் இழுபட்டு, ரேடியஸையும் கூடவே பின்னால் கொண்டுபோகிறது. எந்தக் கோணத்தில் எந்த நீளத்தில் ரேடியஸ் தலை, யாரும் பிடித்துத் தள்ளாமலே, கேப்பிடெல்லத்துக்கு நேராக வந்து நிற்கிறதோ அதுதான் அந்தக் குழந்தைக்கான அளவு. அங்கேயே தற்காலிகமாகப் பிடித்துவைத்துக்கொண்டு, கையை முழுசாக மடக்கி, நீட்டி, உள்ளங்கையை ஏந்தி, கவிழ்த்து, ஒவ்வொரு நிலையிலும் எக்ஸ்ரே திரையில் பார்க்க வேண்டும். எங்காவது நழுவினால் கோணத்தை மறுபடி மாற்ற வேண்டும். இந்தச் சோதனையில் அவசரப்பட்டால் ரேடியஸ் தலை பிற்பாடு மறுபடி விலகிவிடலாம். திருப்தியான பிறகே பிளேட்டை அதே வளைவுக்கு வளைத்து ஸ்க்ரூ போடுகிறார்கள், இடைவெளி பெரிதாக இருந்தால் எலும்புத் துண்டு வைத்து நிரப்புகிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து எக்ஸ்ரேயைக் கையில் கொடுக்கும்போது, நேராக இருக்க வேண்டிய எலும்பு வளைந்து கிடப்பதைப் பார்த்துப் பெற்றோர் பதறிப் போகிறார்கள். வேண்டுமென்றே செய்த வளைவு அது. வளரும் வயதில் எலும்பு அதை மெல்ல மெல்லச் சீராக்கிக்கொள்ளும்.

வளைய லிகமென்ட்டைப் புதிதாகச் செய்ய வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 1965-இல் பெல் டாஸ் என்ற மருத்துவர், மேற்கையின் பின்பக்கத் தசைநாணிலிருந்து ஒரு பட்டையை உரித்து ரேடியஸ் கழுத்தைச் சுற்றிக் கட்டும் முறையை எழுதினார், அதன் பல வடிவங்கள் இன்றும் நடக்கின்றன. அல்னா சரியாகத் திருத்தப்பட்டால் இது தேவையே இல்லை என்போரும் உண்டு. எனக்கு உறுதியாகத் தோன்றுவது, லிகமென்ட்டை மட்டும் கட்டிவிட்டு வளைந்த அல்னாவை அப்படியே விட்டால் நிற்காது. இறுக்கிக் கட்டினால் ரேடியஸின் கழுத்து நெரிந்து, கை திரும்புவதும் குறையும். கேப்பிடெல்லம் வழியாக ரேடியஸுக்குள் கம்பி ஏற்றும் பழக்கத்தைப் பலர் கைவிட்டுவிட்டார்கள், மூட்டுக்குள்ளேயே கம்பி முறிந்துபோன அனுபவங்கள் இருக்கின்றன.

ரொம்பப் பழசாகி ரேடியஸ் மிகவும் மேலேறியிருந்தால் வேறு வழி: அல்னாவை வெட்டி, வெளியே ஒரு சட்டம் பொருத்தி, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் நீட்டிக்கொண்டே போவது. ரேடியஸ் தலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரும், சிலருக்கு மூட்டைத் திறக்காமலே பொருந்திவிடும். ஆனால் திருகாணியை வீட்டில் நீங்கள்தான் தவறாமல் திருக வேண்டும், கம்பி நுழையும் இடங்களைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், பல வாரம் அந்தச் சட்டத்தோடு பிள்ளை இருக்க வேண்டும். வீட்டு நிலைமையை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி முடிவெடுங்கள்.

முதல் இரண்டு நாள் கண் கொத்திப் பாம்பாக

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். எலும்பை நீட்டியதாலும் வீக்கத்தாலும் முன்கைச் சதைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடலாம். சில மணி நேரம் கவனிக்காவிட்டால் சதை நிரந்தரமாக வீணாகிவிடும். குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது. நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று: காரணமில்லாமல் படபடப்பாக இருப்பது, சமாதானமே ஆகாமல் அழுவது, வலி மருந்து கொடுத்தும் மறுபடி மறுபடி கேட்பது. விரலை மெல்ல நிமிர்த்தினால் துடித்துப் போவதும், விரல் மரத்துப்போவதும் எச்சரிக்கைதான். நாடித்துடிப்பு இருக்கிறதே, விரல் சிவப்பாகத்தானே இருக்கிறது என்று யாரும் உங்களைச் சமாதானப்படுத்த விடாதீர்கள், நாடி இருக்கும்போதே இது நடக்கும். இரவு இரண்டு மணியானாலும் டியூட்டி மருத்துவரை வரச் சொல்லி, கட்டை நீளவாக்கில் முழுசாகத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டைவிரல் தூக்குகிறதா, விரல்கள் நிமிர்கின்றனவா என்பதையும் மயக்கம் தெளிந்ததும் பாருங்கள். நரம்பு இழுபட்ட பலவீனம் வந்தால் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாகத் திரும்பிவிடும், ஆனால் அதைக் கண்காணிக்க வேண்டும்.

கட்டு, பயிற்சி, அப்புறம் பல மாதம்

முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு 4 முதல் 6 வாரம். அதற்குள் எக்ஸ்ரேக்கள், முதல் சில வாரங்களில் அடிக்கடி. ஒரு தேதியைக் கூடத் தவறவிடாதீர்கள். மறுபடி நழுவினால் சீக்கிரம் தெரிந்தால்தான் திருத்துவது எளிது. ஒவ்வொரு படத்திலும் அதே கோட்டை வைத்துப் பாருங்கள்.

கட்டைப் பிரித்த முதல் நாள் கை கட்டை மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். குழந்தை தானாக அசைப்பதுதான் இதற்குப் பயிற்சி: சாப்பாட்டுத் தட்டு, பந்து, கதவுக் கைப்பிடி, வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டட்டும், ஆனால் யாரும் பிடித்து மடக்கக் கூடாது, எண்ணெய் உருவலும் கூடாது. மடக்குவது முதலில் திரும்பும். உள்ளங்கையைக் கவிழ்ப்பது பல குழந்தைகளுக்குக் கொஞ்சம் குறைவாகவே நின்றுவிடுகிறது, எழுதுவதற்கும் சாப்பிடுவதற்கும் அது பெரும்பாலும் இடைஞ்சலாக இருப்பதில்லை. இதை ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனின் கையோடு ஒப்பிடாமல், ஆபரேஷனுக்கு முன் நீங்கள் எழுதி வைத்த குறிப்போடு ஒப்பிடுங்கள்.

அல்னா நன்றாகக் கூடியது எக்ஸ்ரேயில் உறுதியான பிறகுதான் கபடி, சைக்கிள், மரம் ஏறுவது எல்லாம். சில குழந்தைகளுக்கு வெட்டிய இடம் கூடத் தாமதமாகும், அதற்கு மறுபடி எலும்புத் துண்டு வைக்க வேண்டி வரலாம். பிளேட் தோலுக்கு அடியிலேயே இருப்பதால் மேசை விளிம்பில் பட்டால் குத்தும். எலும்பு திடமான பிறகு எடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் பேசுங்கள், எடுத்தால் அதற்குப் பின் சில வாரம் ஸ்க்ரூ துளைகள் மூடும் வரை விளையாட்டுக்குத் தடை. வளர்ச்சி நிற்கும் வரை ஆண்டுக்கு ஒரு முறையாவது இரண்டு முழங்கைகளையும் காட்டி வாருங்கள், முதல் எக்ஸ்ரேயிலிருந்து கடைசி எக்ஸ்ரே வரை ஒரே கவரில் போட்டு எடுத்துக்கொண்டு.